மாவு புளிக்கும் கணக்கு

நுழையும்முன்

அரைத்து வைத்த மாவு எப்போது பொங்கும் என்பது தமிழ்நாட்டுச் சமையலறையின் பழைய கேள்வி. அதற்கு அனுபவம் ஒரு விடை தரும். கணிதமும் ஒரு விடை தரும். வெப்பநிலை சில டிகிரி மாறும்போது பாக்டீரியாக்களின் பெருக்கம் எவ்வளவு மாறும் என்பதைச் சிறு சமன்பாடு ஒன்றில் அறிவியலறிஞர்கள் அடக்கியுள்ளனர். வெள்ளத்தால் மின்சாரம் தடைப்பட்ட வீட்டில், குளிர்சாதனப் பெட்டியிலுள்ள பாலைக் குடிக்கலாமா என்று முடிவு செய்வதற்கும் அச்சமன்பாடே துணை நிற்கிறது.

சித்திரை மாவும் மார்கழி மாவும்

தாம்பரத்தில் ஒரு வீடு. அங்கு இரவு ஒன்பது மணிக்கு இட்லி மாவை அரைத்து, உப்பிட்டுக் கரைத்து மூடி வைக்கின்றனர். சித்திரை மாதமாயின் விடிவதற்குள் மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையில் வழிந்திருக்கும். மார்கழியில் அதே அரிசி, அதே உளுந்து, அதே பாத்திரம். எனினும் காலையில் மூடியைத் திறந்தால் மாவு வைத்த மட்டத்திலேயே கிடக்கும். அன்றைக்கு அவ்வீட்டில் உப்புமாதான்.

மீனம்பாக்கம் வானிலை நிலையத்தின் நெடுநாள் பதிவுகளை நோக்கினால், மே மாதத்தில் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸ். ஜனவரியில் ஏறத்தாழ 21 டிகிரி. வேறுபாடு 7 டிகிரி மட்டுமே. மனிதருக்கு இது போர்வை வேண்டுமா வேண்டாமா என்னும் அளவிலான செய்தி. மாவிலுள்ள உயிர்களுக்கோ இது வாழ்வின் வேகத்தையே மாற்றும் செய்தி.

இட்லி மாவைப் பொங்கச் செய்வதில் முதன்மையானது லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்னும் பாக்டீரியா. இது மாவிலுள்ள சர்க்கரைப் பொருள்களை உண்டு லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டைஆக்சைடையும் வெளியிடுகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது. வளிமம் மாவினுள் குமிழ்களாகச் சிக்கி அதனைப் பொங்கச் செய்கிறது. புளிப்பு ஏறிய பின்னர், அமிலத்தைத் தாங்கவல்ல வேறு பாக்டீரியாக்கள் தொடர்கின்றன. கையால் கரைத்தால்தான் மாவு புளிக்கும் என்று பலரும் கூறுவர். ஆயினும் இப்பாக்டீரியாக்கள் உளுந்தோடும் அரிசியோடும் முன்னரே வந்துவிடுபவை. கரைப்பவரின் கைராசிக்கு இதில் பங்கு சிறிதே.

குளிர்நாள்களில் பாத்திரத்தை அடுப்பின் அருகில் வைப்பதும் துணியால் சுற்றி வைப்பதும், கோடையில் பொங்கியவுடன் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றுவதும் இல்லத்தார் நன்கறிந்த முறைகள். குரோம்பேட்டை முதல் மேடவாக்கம் வரை தெருவுக்குத் தெரு மாவுப் பொட்டலம் விற்போர் இதனை இன்னும் கூர்மையாக அறிவர். பிற்பகலில் விற்காமல் தங்கிய மாவு மாலைக்குள் புளித்துப் பொட்டலம் உப்பினால், அன்றைய ஊதியத்தில் அது குறையும். வெப்பம் மிகுந்தால் விரைவில் புளிக்கும் என்பது அனைவரும் அறிந்ததே. எவ்வளவு மிகுந்தால் எவ்வளவு விரைவில் என்பதுதான் கணிதம் விடை தேடும் வினா.

ஒன்று இரண்டாதல்

பாக்டீரியா பெருகும் முறை எளியது. ஒன்று வளர்ந்து இரண்டாகப் பிளக்கிறது, இரண்டு நான்காகிறது, நான்கு எட்டாகிறது. பத்து முறை இரட்டித்தால் ஒன்று 1,024 ஆகும். இருபது முறை இரட்டித்தால் பத்து இலட்சத்தைத் தாண்டும். முப்பது முறை இரட்டித்தால் நூறு கோடியைத் தாண்டும். ஆகவே, ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை இரட்டிக்கிறது என்பதையே வளர்ச்சி வேகம் என்று கொள்ளலாம். ஒருமுறை இரட்டிக்க ஆகும் காலம் இரட்டிப்பு நேரம் எனப்படும்.

இரட்டிப்பு நேரம் இனத்துக்கு இனம் பெரிதும் வேறுபடும். இதற்குத் தாம்பரத்திலேயே ஒரு சான்று உண்டு. புறநகர் இரயிலில் குரோம்பேட்டைக்கு அடுத்து வரும் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். 1928ஆம் ஆண்டு மருத்துவர் சௌரிமுத்து அங்கு நிறுவிய காசநோய் நலவாழ்வு மனையே அப்பெயருக்குக் காரணம். இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. மனிதக் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா, வளமான ஊடகத்தில் 37 டிகிரி வெப்பநிலையில் சுமார் 20 நிமிடங்களில் இரட்டிக்கும். அதே 37 டிகிரியில் காசநோய்ப் பாக்டீரியா இரட்டிக்க ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். ஒன்று பத்து இலட்சமாவதற்கு இருபது இரட்டிப்புகள் வேண்டும் என்றால், ஈ.கோலைக்கு ஏழு மணி நேரம் போதும். காசநோய்ப் பாக்டீரியாவுக்கு 400 மணி நேரம், அதாவது பதினேழு நாள்கள் தேவை. சளியைத் திட ஊடகத்தில் வளர்த்துச் சோதிக்கும் ஆய்வகங்கள், கிருமி இல்லை என்று முடிவு கூறுவதற்கு எட்டு வாரங்கள் வரை காத்திருப்பதன் காரணம் இதுவே. மரபணுவை ஆராயும் சோதனைகள் இன்று சில மணி நேரத்தில் விடை தருகின்றன. எனினும் வளர்ப்புச் சோதனையின் தேவை முற்றிலும் நீங்கிவிடவில்லை.

இனம் ஒன்றாகவே இருந்து வெப்பநிலை மட்டும் மாறினால் என்ன நிகழும்? மாவின் சிக்கல் இதுதான்.

நேர்கோட்டைத் தேடிய வரலாறு

வெப்பநிலை மூன்றில் ஒரு பங்கு கூடினால் வேகமும் மூன்றில் ஒரு பங்கு கூடும் என்று கொள்வதே முதலில் தோன்றும் எண்ணம். 21 டிகிரியிலிருந்து 28 டிகிரி என்பது மூன்றில் ஒரு பங்கு உயர்வு. ஆனால் மாவு அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. அதைவிட மிக விரைவில் பொங்குகிறது.

அடுத்து வேதியியல் துணைக்கு வந்தது. சுவீடன் நாட்டு அறிஞர் அர்ஹீனியஸ் 1889இல் வேதிவினைகளின் வேகம் வெப்பநிலையோடு எவ்வாறு உயர்கிறது என்பதற்கு ஒரு சமன்பாட்டைத் தந்தார். உயிரும் வேதிவினைகளின் தொகுப்பே என்பதால், நுண்ணுயிரியலாளர் பலர் அதனைப் பாக்டீரியாவுக்கும் பொருத்திப் பார்த்தனர். இடைப்பட்ட வெப்பநிலைகளில் அது ஓரளவு பொருந்தியது. குளிர்ந்த பக்கத்தில் மட்டும் நேர்கோடாக அமைய வேண்டிய வரைபடம் வளைந்துவிட்டது. உணவைப் பாதுகாப்போருக்கு மிகவும் தேவைப்படுவதோ அந்தக் குளிர்ந்த பக்கம்தான்.

விடை மீனிலிருந்து வந்தது என்பது சுவையான செய்தி. குளிரில் வைக்கப்பட்ட கெண்டை மீனின் தசையில் நிகழும் சிதைவை ஆராய்ந்த ஜப்பானிய ஆய்வாளர்கள், சிதைவு வேகத்தின் வர்க்கமூலம் வெப்பநிலையோடு நேர்கோட்டில் உயர்வதை 1977இல் குறித்திருந்தனர். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் மீன் முதலிய உணவுகள் கெடுவதை ஆராய்ந்துவந்த ரட்கோவ்ஸ்கி, ஓலி, மெக்மீக்கின், பால் ஆகிய நால்வர், அதே உறவு பாக்டீரியாக்களின் வளர்ச்சிக்கும் பொருந்துமா என்று பலவகைப் பாக்டீரியாக்களின் தரவுகளைக் கொண்டு சோதித்தனர். பொருந்தியது. 1982இல் அவர்கள் வெளியிட்ட சமன்பாடு இது:

√வ = கெ × (வெ − தொ)

இதில் ‘வ’ என்பது வளர்ச்சி வேகம். ‘வெ’ என்பது வெப்பநிலை. ‘தொ’ என்பது வளர்ச்சி தொடங்கும் வெப்பநிலை. ‘கெ’ என்பது அந்தப் பாக்டீரியாவுக்குரிய கெழு. வேகத்தை அப்படியே வரைந்தால் வளைகோடு கிடைக்கும். வேகத்தின் வர்க்கமூலத்தை வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். கண்டுபிடிப்பு முழுவதும் இந்த ஓர் அடியில் அடங்கியுள்ளது. பத்தாம் வகுப்பு மாணவர் கையாளக்கூடிய கணிதம்தான். அதைக் காண்பதற்குத்தான் இத்தனை ஆண்டுகள் ஆயின.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளங்கிக்கொள்ளலாம். கணக்கின் எளிமைக்காக, ஒரு பாக்டீரியாவின் தொடக்க வெப்பநிலை 5 டிகிரி என்றும் கெழு 0.05 என்றும் கொள்வோம். 25 டிகிரியில் வர்க்கமூலத்தின் மதிப்பு 0.05 × 20 = 1; வேகமும் 1. அதாவது மணிக்கு ஓர் இரட்டிப்பு. 35 டிகிரியில் வர்க்கமூலம் 1.5, வேகம் 2.25, இரட்டிக்க ஆவது சுமார் 27 நிமிடம். 15 டிகிரியில் வர்க்கமூலம் 0.5; வேகம் 0.25, இரட்டிக்க நான்கு மணி நேரம். 10 டிகிரியில் வேகம் 0.0625, இரட்டிக்கப் பதினாறு மணி நேரம். ஆயிரம் மடங்கு பெருகுவதற்குப் பத்து இரட்டிப்புகள் வேண்டும் அல்லவா? வெளியில் 35 டிகிரி வெயிலில் அது நான்கரை மணி நேரத்துக்குள் முடியும். 10 டிகிரியில் 160 மணி நேரம், ஏறத்தாழ ஏழு நாள்கள் ஆகும்.

மாவுக்குத் திரும்புவோம். இதே 5 டிகிரியைத் தொடக்கமாகக் கொண்டால், மே மாத இரவின் 28 டிகிரி தொடக்கத்திலிருந்து 23 டிகிரி மேலே உள்ளது. ஜனவரியின் 21 டிகிரி 16 டிகிரி மேலே உள்ளது. 23இன் வர்க்கம் 529. 16இன் வர்க்கம் 256. மே மாத வேகம் ஜனவரி வேகத்தைப் போல் இரு மடங்குக்குச் சற்று மேல். சித்திரையில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு மார்கழியில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் கேட்கிறது. இரவு ஒன்பதுக்கு வைத்த மாவு மறுநாள் பிற்பகல்தான் தயாராகும். அந்த வீட்டில் காலையில் உப்புமா கிண்ட நேர்ந்தது இதனால்தான்.

மின்சாரம் நின்ற இரவு

2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் முதலிய பகுதிகளும் நீரில் தவித்தன. பல தெருக்களில் மின்சாரம் திரும்ப நாள்கள் பிடித்தன. பால் கிடைப்பது அரிதாயிற்று. அந்நிலையில், கைக்குழந்தை உள்ள ஒரு வீட்டில் நின்றுபோன குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு பாத்திரம் பால் இருக்கிறது என்றால், அதைக் கொட்டுவதா வைத்துக்கொள்வதா என்பது எளிய கேள்வி அன்று.

பெட்டியின் கதவைத் திறவாதிருந்தால் உள்ளிருக்கும் குளிர்ச்சி சுமார் நான்கு மணி நேரம் நிலைக்கும் என்று உணவுப் பாதுகாப்பு வல்லுநர்கள் பொதுவாகக் கூறுவர். அதன் பின்னர் வெப்பம் மெல்ல ஏறும். அந்த நான்கு மணி நேரம் கழிந்த பிறகு, பால் நான்கு மணி நேரம் 10 டிகிரியிலும், அடுத்த நான்கு மணி நேரம் 15 டிகிரியிலும், அடுத்த நான்கு மணி நேரம் 20 டிகிரியிலும், இறுதி நான்கு மணி நேரம் 25 டிகிரியிலும் இருந்ததாகக் கொள்வோம். மேற்கண்ட பாக்டீரியாவே அதில் இருப்பதாகவும் கொள்வோம். முதற்பகுதியில் கால் இரட்டிப்பு. இரண்டாம் பகுதியில் ஓர் இரட்டிப்பு. மூன்றாம் பகுதியில் இரண்டே கால். நான்காம் பகுதியில் நான்கு. கூட்டினால் ஏழரை இரட்டிப்புகள். பாக்டீரியா ஏறத்தாழ 181 மடங்காகிவிட்டது.

இங்கே பலரும் ஒரு குறுக்குவழியை நாடுவர். 10, 15, 20, 25 ஆகியவற்றின் சராசரி 17.5 டிகிரி, அந்த ஒரே வெப்பநிலையில் 16 மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் போதாதா? கணக்கிட்டுப் பார்த்தால் 6.25 இரட்டிப்புகளே வருகின்றன. பெருக்கம் 76 மடங்குதான். உண்மை அளவில் பாதிகூட இல்லை. சராசரி எண் அச்சத்தைக் குறைத்துக் காட்டிவிடுகிறது. காரணம், வேகம் வெப்பநிலையின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. எனவே வெப்பம் மிகுந்த சில மணி நேரம், குளிர்ந்த பல மணி நேரத்தைவிடக் கூடுதலாகச் சேர்க்கிறது. ஏழரை இரட்டிப்புகளில் பாதிக்கு மேல் கடைசி நான்கு மணி நேரத்தில் நிகழ்ந்ததை நோக்குக. பெரும்பாலான நேரம் குளிராகத்தான் இருந்தது என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

பாலும் இறைச்சியும் மீனும் பண்ணையிலிருந்து வீடு வரை வரும் வழியைக் குளிர்ச்சங்கிலி என்பர். சோழிங்கநல்லூர் ஆவின் பண்ணையிலிருந்து புறப்படும் பால், கடை வாசலில் வெயிலில் அரை மணி நேரம் கிடந்தால், அந்த அரை மணி நேரம் வண்டியில் குளிராகக் கடந்த பல மணி நேரத்துக்குச் சமம். சங்கிலி என்று பெயர் அமைந்ததும் பொருத்தமே: ஒரு கண்ணி அறுந்தால் மற்றக் கண்ணிகள் காக்கமாட்டா.

சமன்பாடு சொல்லாதவை

1982ஆம் ஆண்டுச் சமன்பாட்டின்படி வெப்பம் ஏற ஏற வேகமும் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். உண்மையில் அவ்வாறு இல்லை. ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் மிக உகந்த வெப்பநிலை ஒன்று உண்டு. அதைத் தாண்டியதும் அதன் புரதங்கள் உருக்குலைந்து, வளர்ச்சி செங்குத்தாகச் சரியும். ஏற்றம் நெடியது, இறக்கம் குறுகியது. ரட்கோவ்ஸ்கியும் வேறு சில அறிஞர்களும் 1983இல் சமன்பாட்டோடு மேலும் ஓர் உறுப்பைச் சேர்த்து இந்த இறக்கத்தையும் அதில் அடக்கினர். பாலைக் காய்ச்சுவதும், 72 டிகிரியில் 15 நொடிகள் சூடாக்கிப் பதப்படுத்துவதும் அந்தச் சரிவுக்கு அப்பாலுள்ள வெப்பத்தைப் பயன்படுத்தும் முறைகள்.

‘தொ’ என்னும் எண்ணையும் அப்படியே நம்பிவிடலாகாது. அது நேர்கோட்டை நீட்டினால் அச்சைத் தொடும் இடம். பாக்டீரியா மெய்யாகவே வளர்ச்சியை நிறுத்தும் வெப்பநிலை பெரும்பாலும் அதற்குச் சில டிகிரி மேலேயே அமையும். இனத்துக்கு இனம் அது மாறவும் செய்யும். லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்னும் நோய்க்கிருமி 4 டிகிரியிலும் மெல்ல வளர வல்லது. குளிர்சாதனப் பெட்டி உணவின் ஆயுளை நீட்டுகிறது. அதற்கு அழியாமையைத் தருவதில்லை.

எண்ணிக்கை மட்டுமே ஆபத்தை முடிவு செய்வதும் இல்லை. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும் வெப்பத்தையும் தாங்கி எஞ்சும். வடித்த சோற்றை அறையிலேயே நெடுநேரம் வைத்தால் அவை முளைத்துப் பெருகி நச்சுப்பொருளை வெளியிடும். அந்நச்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. ‘சுட வைத்துவிட்டால் சரியாகிவிடும்’ என்னும் நம்பிக்கை இங்கே துணை நிற்காது. சமைத்த உணவை 5 டிகிரிக்குக் கீழோ 60 டிகிரிக்கு மேலோ வைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறை வெப்பத்தில் விடலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள நெறி இவற்றையெல்லாம் கருதியே அமைந்தது.

மாவிலோ நிலை வேறு. லாக்டிக் அமிலம் கூடக் கூட, தீய பாக்டீரியாக்கள் பல தலையெடுக்க இயலாமல் போகின்றன. வெப்பநிலையை மட்டும் கணக்கில் கொள்ளும் சமன்பாட்டில் அமிலத்துக்கு இடமில்லை. உப்பு, ஈரம், புளிப்பு ஆகியவற்றையும் சேர்த்துக் கணிக்கும் விரிவான மாதிரிகளை அறிஞர்கள் பின்னர் உருவாக்கினர்.

வீட்டில் ஒரு சோதனை

இச்சமன்பாட்டைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு வெப்பமானி, நேரான கண்ணாடிக் குவளைகள் இரண்டு, ஒரு கடிகாரம் ஆகியவை போதும். ஒரே மாவை இரு குவளைகளிலும் சம அளவு ஊற்றி, வெப்பநிலை வேறுபடும் இரண்டிடங்களில் வைத்து, மாவின் உயரம் இரு மடங்காக எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறிக்க வேண்டும். அந்நேரத்தின் தலைகீழியை வேகமாகக் கொள்ளலாம்.

ஒரு மாணவி 21 டிகிரியில் 16 மணி நேரமும், 28 டிகிரியில் 9 மணி நேரமும் ஆனதாகக் கண்டாள் என்று கொள்வோம். வேகங்கள் 1/16, 1/9. அவற்றின் வர்க்கமூலங்கள் 1/4, 1/3. இரு புள்ளிகளையும் இணைத்துக் கோட்டைக் கீழ்நோக்கி நீட்டினால் அது 0 டிகிரியில் அச்சைத் தொடும். மேலே எடுத்துக்காட்டுக்காகக் கொண்ட 5 டிகிரி இல்லை. இது அவள் வீட்டு மாவுக்கே உரிய எண். இனி, குளிரூட்டி 24 டிகிரியில் இயங்கும் அறையில் அதே மாவை வைத்தால் என்னாகும்? கோட்டின்படி வர்க்கமூலம் 24/84, அதாவது 2/7. வேகம் 4/49. நேரம் 49/4 மணி. 12 மணி 15 நிமிடம். மூன்றாவது குவளையை அங்கே வைத்துவிட்டு, மாவு அந்நேரத்தில் அவ்வுயரத்தைத் தொடுகிறதா என்று பார்ப்பது மட்டுமே எஞ்சியுள்ளது.